முதியோர் மனநலச் செவிலியர் குழுத் தலைமை

முதியோர் மனநலச் செவிலியர் குழுத் தலைமை என்பது மனச்சோர்வு, மறதிநோய், திடீர் மனக்குழப்பம் முதலியவற்றுக்கு ஆளான, 60 வயதைக் கடந்த நோயரைப் பராமரிக்கும் செவிலியரையும் துணைப் பணியாளரையும் வழிநடத்தும் பொறுப்பைக் குறிக்கும். மருத்துவமனைக் கூடங்களில் தலைமைச் செவிலியர் அல்லது செவிலியர் கண்காணிப்பாளர் இப்பொறுப்பை ஏற்கிறார். தமிழ்நாட்டின் பேச்சு வழக்கில் இவர் வார்டு சிஸ்டர் எனவும் இன்சார்ஜ் சிஸ்டர் எனவும் அழைக்கப்படுகிறார். இலங்கைத் தமிழில் செவிலியரைத் தாதியர் என்பது வழக்கு.

பணிப்பட்டியல் போடுதல், மருந்து இருப்பைக் கவனித்தல், புதியவர்களுக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை எல்லாக் கூடங்களின் தலைமைக்கும் பொதுவானவை. முதியோர் மனநலப் பிரிவில் இவற்றோடு வேறொரு கடமை சேர்கிறது. முதியவரிடம் தோன்றும் மாற்றங்கள் பல, குணப்படுத்தக்கூடிய நோயின் அறிகுறிகளாக இருந்தும், "வயதானால் அப்படித்தான்" என்று குடும்பத்தினராலும் சில வேளைகளில் மருத்துவப் பணியாளராலும் ஒதுக்கப்படுகின்றன. மருத்துவர் கூடத்தில் இருக்கும் நேரம் குறைவு. இரவும் பகலும் அருகில் இருப்பவர் செவிலியரே. அவர் கண்டதை அடுத்த பணிநேரத்தவருக்கும் மருத்துவருக்கும் சிதையாமல் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டை உருவாக்கிக் காப்பதே இத்தலைமையின் மையப்பணி ஆகும்.

பின்னணி

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 8.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023 இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

மனநலக் கூடத்துக்கு வரும் முதியோர் இரு வகையினர். இளமையிலேயே மனச்சிதைவு போன்ற நோய்க்கு ஆளாகி, நோயோடு முதுமையை அடைந்தவர்கள் ஒரு வகை. வாழ்நாள் முழுவதும் நலமாக இருந்து, முதுமையில் முதன்முறையாக மனநோய்க்கு ஆளானவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் மருத்துவமனைக்குப் பழகியவர்கள். அவர்களது நீரிழிவும் இதயநோயும் பழைய மனநோயின் நிழலில் கவனிக்கப்படாமல் போகின்றன. இரண்டாம் வகையினரும் அவர்களின் குடும்பத்தினரும் மனநலப் பிரிவு என்ற பெயருக்கே அஞ்சுகின்றனர். ஒரே கூடத்தில் இவ்விரு வகையினரும் இருக்கும்போது செவிலியர் குழுவிடம் வெவ்வேறான திறன்கள் தேவைப்படுகின்றன.

மூன்று நோய்நிலைகள்

முதியோர் மனநலச் செவிலியத்தின் அடிப்படை, ஒன்றைப் போல் மற்றொன்று தோன்றும் மூன்று நோய்நிலைகளைப் பிரித்தறிதல் ஆகும்.

டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ தோன்றும். ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் மாறும். நோயரால் ஒன்றில் கவனத்தை நிறுத்த முடியாது. இதன் காரணம் பெரும்பாலும் உடலில் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை அளவு தாழ்தல், பல நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து, திடீரென நிறுத்திய மது. காரணத்தைக் கண்டு நீக்கினால் பலர் தெளிவடைவர். காணத் தவறினால் உயிருக்கு ஆபத்து நேரலாம். கூச்சலிட்டுக் குழாய்களைப் பிடுங்குபவரை எவரும் கவனிப்பர். அமைதியாக, அரைத்தூக்கத்தில், உணவு வேண்டாமல் படுத்திருக்கும் வகையினரே தவறவிடப்படுகின்றனர். "தொந்தரவு இல்லாத நோயர்" என்று பதிவேட்டில் எழுதப்படுபவர் அன்றைய நாளில் கூடத்திலேயே மிக மோசமான நிலையில் இருப்பவராகவும் இருக்கலாம். அமெரிக்க மருத்துவர் ஷரோன் இனோய் 1990 இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறை, மனநல மருத்துவர் அல்லாதவரும் சில நிமிடங்களில் டெலிரியத்தைக் கண்டறிய உதவுகிறது. உலகெங்கும் செவிலியர் இதைப் பயன்படுத்துகின்றனர்.

மனச்சோர்வு வாரக்கணக்கில் வளர்வது. தமிழ் முதியோரில் பலர் "மனம் சோர்வாக உள்ளது" என்று கூறுவதில்லை. உடம்பு எரிகிறது, வயிறு பிசைகிறது, தலை கனக்கிறது, தூக்கம் இல்லை என்றே கூறுவர். பரிசோதனைகளில் ஒன்றும் தென்படாதபோது அவர்கள் பொய் சொல்வதாகவோ கவனத்தை ஈர்க்க முயல்வதாகவோ கருதப்படும் நிலையும் உண்டு. கடுமையான மனச்சோர்வில் முதியவர் உணவையும் நீரையும் மறுப்பார். இதை விரதம், வைராக்கியம், சாவுக்குத் தயாராதல் என்று பொருள்கொண்டு விட்டுவிடுவது உயிரிழப்பில் முடியலாம். இத்தகையோருக்கு மின் அதிர்வு மருத்துவம் விரைவில் பயன் தருவதுண்டு. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி அதனை அளிப்பது இந்தியாவில் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது.

மறதிநோய் மாதங்களிலும் ஆண்டுகளிலும் படிப்படியாக வளரும். மறதிநோய் உள்ளவருக்கு மற்ற இரண்டும் சேர்ந்து வரக்கூடும் என்பதே நடைமுறையில் பெருஞ்சிக்கல். ஆகவே "இவருக்கு முன்பு எப்படி இருந்தது, எப்போதிருந்து மாறியது" என்ற வினா எந்தக் கருவியையும் விட முதன்மையானது. அதற்கு விடையறிந்தவர் உடனிருக்கும் உறவினர்.

மதிப்பீட்டுக் கருவிகளைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. 1975 இல் வெளியான சிறு மனநிலைப் பரிசோதனை வாக்கியம் எழுதவும் கூட்டல் கழித்தல் செய்யவும் கேட்கிறது. பள்ளிக்குச் செல்லாத மூதாட்டி இதில் தோற்பது நோயைக் காட்டாது. எழுத்தறிவு இல்லாதோருக்கு ஏற்றவாறு 1990களில் அரியானாவின் பல்லப்கர் பகுதியில் நடந்த ஆய்வுக்காக இந்தி வடிவம் ஒன்று உருவாக்கப்பட்டது. ஆங்கிலத் தேதி தெரியாத முதியவருக்குத் தமிழ் மாதமும், அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்பதும் தெரிந்திருக்கும். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தைப் பார்த்து வாழும் திருவண்ணாமலைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி பௌர்ணமியைப் பற்றியதே.

பணி ஒப்படைப்பு

ஒரு பணிநேரத்தின் செவிலியர் அடுத்தவரிடம் நோயரை ஒப்படைக்கும் சில நிமிடங்களே குழுத் தலைமையின் தரம் வெளிப்படும் இடமாகும். பொதுவாக ஒப்படைப்பில் கட்டில் எண், நோயின் பெயர், ஏறும் மருந்து, நடந்த பரிசோதனை ஆகியவை கூறப்படுகின்றன. முதியோர் மனநலத்தில் இவை போதா.

"இரவில் தொந்தரவு செய்தார், ஒத்துழைக்கவில்லை" என்ற பதிவு நோயரைப் பற்றிய தீர்ப்பு. அதிலிருந்து அடுத்தவர் செய்யக்கூடியது தூக்க மருந்து கேட்பது மட்டுமே. "இரவு 2 மணிக்கு எழுந்தார், மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று கதவைத் தட்டினார், மாலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை, அடிவயிறு உப்பியிருந்தது" என்ற பதிவு அவதானிப்பு. இதிலிருந்து சிறுநீர் அடைப்பும், அவர் மாடு வளர்த்தவர் என்பதும், எதைச் சொல்லி அமைதிப்படுத்தலாம் என்பதும் தெரிகின்றன. முதல் வகைப் பதிவை இரண்டாம் வகையாக மாற்றப் பழக்குவது குழுத் தலைவரின் அன்றாடப் பணி. அதற்கு நீண்ட வகுப்புகள் தேவையில்லை. ஒவ்வோர் ஒப்படைப்பிலும் "நீங்கள் கண்டது என்ன?" என்று அவர் சலிக்காமல் கேட்டால் போதும்.

முதியோருக்கென ஒப்படைப்பில் இடம்பெற வேண்டியவை: குடித்த நீர், உண்ட அளவு, மலம் கழித்து எத்தனை நாள், தூக்கம், நடையில் தள்ளாட்டம், விழிப்பின் அளவு, மூக்குக் கண்ணாடியும் செவிக்கருவியும் பல்செட்டும் உடன் உள்ளனவா என்பது. கடைசியாகக் கூறியது அற்பமாகத் தோன்றலாம். காது கேளாதவர் கேள்விக்குப் பொருந்தா விடை கூறுவது மனக்குழப்பமாகவும், பல்செட் இல்லாதவர் உண்ணாதது மனச்சோர்வாகவும் பதிவாவது கூடங்களில் அரிதன்று.

விளிப்பு

மேலை நாடுகளின் செவிலியர் கையேடுகள் நோயரைப் பாட்டி, தாத்தா என்று விளிப்பதைக் குழந்தையாக நடத்துவது எனக் கண்டிக்கின்றன. தமிழ்ச் சூழலுக்கு இது அப்படியே பொருந்தாது. உறவுமுறைச் சொல்லே இங்கு மரியாதையின் இயல்பான வடிவம். வடமாவட்டங்களில் பாட்டியை ஆயா என அழைப்பதும் அத்தகையதே. எனினும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் "சார்" என்றே வாழ்நாளெல்லாம் அழைக்கப்பட்டவர். அவருக்குத் "தாத்தா" என்பது இறக்கமாகத் தோன்றலாம். சேர்க்கையின்போதே நோயரிடம் கேட்டு அறிந்து பதிவேட்டில் எழுதிக்கொள்வது எளிய வழி. உறவுமுறைச் சொல்லைவிடக் கேடானவை வா, போ என்ற ஒருமையும், கட்டில் எண்ணால் சுட்டுவதும் ஆகும்.

கட்டுதலும் மருந்தும்

இரவில் எழுந்து நடக்கும் முதியவரைக் கட்டிலோடு துணியால் கட்டுவது பல நாடுகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. விழாமல் காப்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் கட்டப்பட்டவர் விடுபட முயன்று காயமடைகிறார். அசைவின்றிப் படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, தசை நலிவு ஆகியவற்றுக்கு ஆளாகிறார். டெலிரியம் மேலும் முற்றுகிறது.

தமிழ்நாட்டில் கட்டிவைத்தலின் விளைவை நாட்டுக்கு உணர்த்தியது இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகத்து 6 அன்று நேர்ந்த தீ விபத்து. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தப்ப இயலாமல் இறந்தனர். 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியிடுவதையும் தனியறையில் அடைப்பதையும் இச்சட்டம் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், இன்றியமையாத நேரத்துக்கு மட்டும் உடற்கட்டுப்பாடு அனுமதிக்கப்படுகிறது. காரணமும் முறையும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். நோயரின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பணியாளருக்கு வசதி என்பதற்காகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இரவில் பெரிய கூடத்தை மிகச் சிலரே பார்த்துக்கொள்ளும் நிலையில் இதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. சட்டத்துக்கும் பணிப்பட்டியலுக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியைச் சுமப்பவர் பெரும்பாலும் அன்றிரவுப் பணியிலிருக்கும் இளைய செவிலியர். அவர் தனியே முடிவெடுக்கும்படி விடாமல், யாரை எப்போது எழுப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துத் தருவது தலைமையின் பொறுப்பு.

கயிறு இல்லாத கட்டும் உண்டு. மறதிநோயாளர்களை அமைதிப்படுத்த மனநோய் எதிர்ப்பு மருந்துகளைப் பயன்படுத்துவது அவர்களின் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005 இல் எச்சரித்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 1,80,000 மறதிநோயாளர்கள் இம்மருந்துகளைப் பெறுவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 36,000 பேருக்கே பயன் கிடைக்கும் எனவும், ஆண்டுக்கு 1,800 கூடுதல் இறப்புகள் நேர்வதாகவும் மனநல மருத்துவர் சுபே பானர்ஜியின் 2009 ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. இம்மருந்துகளோடு விறைப்பைக் குறைப்பதற்காகச் சேர்த்துத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை முதியோருக்கு மறதியையும் சிறுநீர் அடைப்பையும் மலச்சிக்கலையும் உண்டாக்கக்கூடியது. மருந்தை எழுதுவது மருத்துவர் எனினும், "மூன்று நாளாக வாயில் எச்சில் வற்றியுள்ளது, மலம் போகவில்லை, பேச்சு குழறுகிறது" என்று கூறி மறுபரிசீலனையைத் தொடங்கிவைப்பவர் செவிலியர்.

பிற நாடுகளின் படிப்பினை

முதியோர் மனநலக் கூடங்கள் எவ்வாறு சீரழியக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு விரிவான சான்றுகளைத் தருகிறது. பார்பரா ராப் என்ற பெண்மணி இலண்டனின் ஃபிரையர்ன் மருத்துவமனையில் தமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றார். அங்கு முதியோரின் மூக்குக் கண்ணாடி, பல்செட், செவிக்கருவி ஆகியவை பறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1967 இல் அவர் வெளியிட்ட 'சேன்ஸ் எவ்ரிதிங்' என்ற நூலில் செவிலியரின் வாக்குமூலங்களும் இடம்பெற்றன. அரசு விசாரணைகள் அவற்றை முதலில் பெரிதும் மறுத்தன. 1969 இல் கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனை பற்றிய விசாரணை அறிக்கை, இத்தகைய கொடுமைகள் நடப்பதை உறுதிப்படுத்தியது. ஈலியின் நிலையை வெளிப்படுத்தியவரும் ஒரு துணைச் செவிலியரே. அதே காலப்பகுதியில் மனநல மருத்துவர் டாம் ஏரி, கிழக்கு இலண்டன் பகுதியின் குட்மேஸ் மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனி மனநலச் சேவையைத் தொடங்கினார். அது பின்னர் பல இடங்களுக்கு முன்மாதிரியாயிற்று.

மனநலக் கூடம் அல்லாததாயினும் கோஸ்போர்ட் நினைவு மருத்துவமனை நிகழ்வும் இங்குக் குறிப்பிடத்தக்கது. முதியோருக்கு வலிநிவாரணி ஓப்பியம் வகை மருந்துகள் தேவையின்றித் தரப்படுவதாக அங்குள்ள இரவுப்பணிச் செவிலியர் 1991 இலேயே எழுத்தில் கவலை தெரிவித்தனர். அக்கவலை நிர்வாகத்தால் அடக்கப்பட்டது. 1989 முதல் 2000 வரை 450 க்கும் மேற்பட்டோரின் வாழ்நாள் இதனால் குறுகியது என 2018 இல் சுதந்திரக் குழுவொன்று அறிவித்தது. செவிலியர் கண்டதைச் சொல்வதற்கும், சொன்னதை ஒருவர் கேட்பதற்கும் இடையில் 27 ஆண்டுகள் கழிந்தன.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1794 இல் தொடங்கப்பட்ட மனநோயாளர் காப்பகம் 1871 இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய அரசு மனநலக் காப்பகம். 1961 முதல் இதன் தலைவராக இருந்த மருத்துவர் சாரதா மேனன், காப்பகமாக இருந்ததை மருத்துவமனையாக மாற்ற முயன்றவர். 1984 இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் காப்பகத்திலேயே கழித்து முதுமையடைந்தோர் கீழ்ப்பாக்கத்தின் நெடுநாளைய நோயரில் அடங்குவர்.

முதியோர் மருத்துவம் வேறொரு பாதையில் வளர்ந்தது. மருத்துவர் வி. எஸ். நடராசனின் முயற்சியால் 1978 இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு தொடங்கியது. 2010-11 இல் அறிமுகமான தேசிய முதியோர் நலத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கைகள் கொண்ட முதியோர் கூடங்களுக்கு வழிவகுத்தது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பெப்ரவரியில் திறக்கப்பட்டது.

இவ்விரு பாதைகளும் தனித்தனியே வளர்ந்ததன் விளைவு செவிலியர் பணியில் தெளிவாகத் தெரிகிறது. மனநலக் கூடத்துச் செவிலியர் தற்கொலை எண்ணத்தைக் கேட்டறியத் தேர்ந்தவர். படுக்கைப் புண்ணிலும் விழுதல் தடுப்பிலும் பழக்கம் குறைந்தவர். முதியோர் கூடத்துச் செவிலியரின் நிலை இதற்கு நேர்மாறு. இரண்டிலும் வேண்டப்படுபவரான மறதிநோயாளர் இரண்டுக்கும் இடையே அனுப்பப்படுகிறார். இந்தியச் செவிலியர் மன்றம் மனநலச் செவிலியத்திலும் முதியோர் செவிலியத்திலும் ஓராண்டுப் பட்டயப் படிப்புகளைத் தனித்தனியே வகுத்துள்ளது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு நடைமுறையில் கூடத்தின் தலைமைச் செவிலியரையே சேர்கிறது.

வேலூர் முறை

உடனிருக்கும் உறவினரை நோயரின் பராமரிப்பில் பங்காளியாக ஏற்றுக்கொண்டதே இந்திய மனநல மருத்துவத்தின் தனித்துவமான பங்களிப்பு எனலாம். 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் நோயரின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் புளோரன்சு நிக்கல்சு, 1957 இல் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மனநல மையத்தில், நோயருடன் குடும்பத்தினர் தங்குவதை முறையாக்கினார். ஐடா இசுகடர் 1909 இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கிய நிறுவனம் இது. 1946 இலேயே செவிலியத்தில் பட்டப்படிப்பும் இங்குத் தொடங்கிவிட்டது.

உறவினர் உடனிருக்கும் கூடத்தில் செவிலியர் குழுவின் பணி மாறுகிறது. குளிப்பாட்டுதல், ஊட்டுதல், நடக்கவைத்தல் ஆகியவற்றை மகளோ மருமகளோ மனைவியோ செய்கிறார். செவிலியர் அவற்றைக் கற்பிக்கிறார், மேற்பார்வையிடுகிறார். வீடு திரும்பிய பின் அப்பயிற்சி தொடர்ந்து பயன்படுகிறது. இதில் இரு ஆபத்துகளும் உள்ளன. ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்யும் ஊதியமற்ற பணியாளராக உறவினர் மாறிவிடுவது ஒன்று. தினக்கூலியை இழந்து மருத்துவமனையில் தங்கும் மகன் சில நாள்களில் பொறுமையிழப்பதும், தாமே முதியவரான மனைவி நலிவதும் மற்றொன்று. உடனிருப்பவர் தூங்கினாரா, உண்டாரா என்பதையும் கேட்பது இக்காரணத்தாலேயே குழுவின் வழக்கமாக வேண்டும். துணை எவருமின்றி வரும் முதியவருக்கு இம்முறை பயன்படாது. அவருக்கெனத் தனி ஏற்பாட்டைக் குழுத் தலைவர் செய்தாக வேண்டும்.

குழுவினரின் நிலை

இசபெல் மென்சீசு என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960 இல் வெளியிட்ட ஆய்வு, செவிலியர் தலைமை பற்றிய எழுத்துகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. இலண்டனின் பொது மருத்துவமனையொன்றில், பணியைச் சிறுசிறு வேலைகளாகப் பிரித்து, ஒருவர் எல்லாருக்கும் வெப்பமானி வைப்பதும் மற்றொருவர் எல்லாருக்கும் படுக்கை மாற்றுவதுமாக அமைத்திருந்தனர். இது திறமைக்காக அன்று. நோயரை நெருங்குவதால் எழும் அச்சத்தையும் துயரத்தையும் தவிர்ப்பதற்கே என அவர் விளக்கினார். ஆனால் இவ்வேற்பாடு அச்சத்தைக் குறைக்கவில்லை. பணியின் நிறைவைக் குறைத்தது.

முதியோர் மனநலத்தில் இது கூர்மையாகப் பொருந்தும். மறதிநோயாளர் அடிக்கிறார், துப்புகிறார், தகாத சொல் கூறுகிறார், சற்றுமுன் உணவூட்டியவரையே திருடி என்கிறார். அவற்றை நோயின் கூறாக அறிவது ஒன்று. அதிகாலை நான்கு மணிக்குப் பொறுத்துக்கொள்வது வேறொன்று. அடிபட்ட செவிலியரிடம் "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் கேட்கும் தலைமையிடம் அடுத்த முறை எதுவும் தெரிவிக்கப்படாது. ஒவ்வொரு நோயருக்கும் ஒரு செவிலியரைப் பொறுப்பாக்குவது மென்சீசு கண்ட சிக்கலுக்கு ஓரளவு தீர்வு. ஆனால் கூடம் விட்டுக் கூடம் மாற்றும் சுழற்சி முறையும், தொகுப்பூதியப் பணியும் நிலவும் அரசு மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றவர் சில மாதங்களில் வேறு பிரிவுக்குச் சென்றுவிடுகிறார். பழகியவரின் முகமே பாதி மருந்தாக உள்ள பிரிவில் இம்முறை பெருங்கேடு விளைவிக்கிறது. துப்புரவுப் பணியாளரும் மருத்துவமனைப் பணியாளரும் செவிலியரை விட நீண்டகாலம் ஒரே கூடத்தில் இருப்பதுண்டு. அவர்களையும் ஒப்படைப்பில் சேர்த்துக்கொள்ளும் தலைமைச் செவிலியர் பல செய்திகளை முன்னதாகவே அறிகிறார்.

திருவண்ணாமலை மாவட்டத்தில்

திருவண்ணாமலை 1989 இல் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் ஊரகங்களில் வாழ்ந்தனர். வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் இளையோர் செல்வதால் முதியோர் மட்டும் எஞ்சும் வீடுகள் பல. சவ்வாது மலைச் சிற்றூர்களிலிருந்து மருத்துவமனைக்கு வருவது ஒரு நாள் பயணம். உள்நோயாளராகச் சேர்க்கத் தனி மனநல மையம் தேவைப்படும்போது, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரையோ, அதனினும் தொலைவான கீழ்ப்பாக்கத்தையோ நாட வேண்டியுள்ளது.

1982 இல் தேசிய மனநலத் திட்டம் உருவானது. அதன் பகுதியான மாவட்ட மனநலத் திட்டம் 1996 இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பின்னர் தமிழ்நாடு முழுவதும் விரிவடைந்த இத்திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவருடன் மனநலச் செவிலியருக்கும் சமூகச் செவிலியருக்கும் இடம் உண்டு.

திருவண்ணாமலை நகரை ஒட்டி, வேலூர் சாலையில் அமைந்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு முதியோர் பலர் மனுக்களுடன் வருகின்றனர். உதவித்தொகை நின்றுபோனது, நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட மகன் சோறு போடவில்லை போன்றவை இத்தகைய கூட்டங்களில் வழக்கமாக எழும் குறைகள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இவற்றை விசாரிக்கிறது.

மனநலச் செவிலியருக்கு இங்கு நேரடியான தொடர்பு உண்டு. "மருமகள் என் பணத்தைத் திருடுகிறாள், சோற்றில் ஏதோ கலக்கிறாள்" என்பது மறதிநோயில் மிகப் பரவலாகக் காணப்படும் ஐயக்கருத்து; தாமே எங்கோ வைத்து மறந்த பணத்தைத் திருடப்பட்டதாக நோயர் நம்புகிறார். அதே சொற்கள் முழு உண்மையாகவும் இருக்கலாம். நோய் என்று முடிவுகட்டினால் கொடுமைக்கு உள்ளான முதியவரின் குரல் அடைக்கப்படும். உண்மை என்று முடிவுகட்டினால் இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் மருமகள் குற்றவாளியாக்கப்படுவார். மறதிநோய் உள்ளவரையே ஒருவர் ஏமாற்றவும் கூடும் என்பதால் மூன்றாவது நிலையும் உண்டு. முதியவரைத் தனியே சந்தித்துக் கேட்டல், உடலில் காயங்களைப் பார்த்தல், எடை குறைந்துள்ளதா எனக் கவனித்தல், அவர் கூறிய சொற்களை அப்படியே தேதியிட்டுப் பதிதல், குடும்பத்தாரிடம் வேறாகக் கேட்டல் ஆகியவையே செவிலியர் செய்யக்கூடியவை. தீர்ப்புரைப்பது அவர் பணியன்று. இவ்வரம்பைக் குழுவினர் அனைவரும் ஒன்றுபோல் கடைப்பிடிக்கச் செய்வது தலைமையின் கடினமான பணிகளுள் ஒன்றாகும்.

கோயில் நகரம் என்பதாலும் சில சூழல்கள் உருவாகின்றன. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் துறவிகளுடன் ஆதரவற்ற முதியோரும் தங்கியிருக்கின்றனர். பேசாமல் அமர்ந்திருப்பவர் மௌன விரதத்தில் இருக்கிறாரா, கடும் மனச்சோர்வில் இருக்கிறாரா என்பதைக் கடந்து செல்பவர் அறிய இயலாது. பௌர்ணமியன்றும் கார்த்திகைத் தீபத்தன்றும் திரளும் கூட்டம், உறவினரைத் தவறவிட்டுத் தம் ஊர்ப்பெயர் கூற இயலாத மறதிநோயாளருக்கு ஆபத்தானது. அத்தகையவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது பெயர், உறவினர், முந்தைய மருந்து எதுவும் தெரியாத நிலையில் செவிலியர் பணியைத் தொடங்க வேண்டியுள்ளது. பேச்சு வழக்கு, பச்சை குத்திய பெயர், தாலியின் வகை, தையற்கடைப் பட்டை ஆகியவையே அப்போது கிடைக்கும் குறிப்புகள்.

வீடு திரும்பியோரைத் தொடர்ந்து கவனிப்பதற்கு 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஒரு வழியாக உள்ளது. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளுடன் வீடுதேடிச் செல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், பல வீடுகளில் முதியவரை மாதந்தோறும் காணும் ஒரே சுகாதாரப் பணியாளர். சென்ற முறை கொடுத்த மாத்திரைகள் அட்டையில் அப்படியே மீந்திருப்பதும், பெயர் சொல்லி அழைத்தவர் இம்முறை யாரென்று கேட்பதும் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன. அச்செய்தி மனநலச் செவிலியரை அடைய வேண்டுமானால், யாரிடம் சொல்வது என்பது அத்தன்னார்வலருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதியோருக்கான 14567, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய கட்டணமற்ற தொலைபேசி எண்களும் செயற்பாட்டில் உள்ளன.